கல்லுக்குள்ள ஒளிஞ்ச ஹேர் கிராக்கும் சைகிட்-இமேஜ் ரேடானும்: கிருஷ்ணகிரி பாலிஷ் யூனிட்ல எட்டு மாச அனுபவம்

நான் வேலை பாக்கறது பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல. எங்ககிட்ட ஓடறது பெரும்பாலும் பாரடைசோ, அதான் நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்து கல்லு, ஊதாவும் சாம்பலும் ரோஸும் கலந்து ஆத்துத் தண்ணி சுழிச்சு ஓடற மாதிரி டிசைன் இருக்கும். ஒரு ஸ்லாப் 3 மீட்டருக்கு 2 மீட்டர், 20 மில்லி தடிமன்னு வெச்சுக்கங்க, 320 கிலோவுக்கு மேல வரும். அந்த வெயிட்டைக் கிரேன்ல தூக்கும்போது உள்ள ஒரு ஹேர் கிராக், அதான் முடி மாதிரி சன்னமான விரிசல், இருந்தா போதும், அங்கயே ரெண்டாப் போயிடும். இல்லன்னா இங்க ஒண்ணும் ஆகாம கன்டெய்னர்ல ஏறிப் போயி, பார்ட்டி அங்க சிங்க் ஓட்டை வெட்டும்போது விரிஞ்சு, போட்டோ மட்டும் நமக்கு வாட்சப்புல திரும்பி வரும். போன வருஷம் அந்த மாதிரி ஒரே லாட்டுல மூணு ஸ்லாப் போச்சு. அதுக்கப்புறம்தான் கிராக்கை கேமராவுல பிடிக்க முடியுமான்னு தேட ஆரம்பிச்சேன், அந்தத் தேடல்ல கடைசியா கையில நின்ன சாமானைப் பத்தின ரிவ்யூதான் இது.

சாமான்னா காசு குடுத்து வாங்கினது இல்ல. பைத்தான்ங்கற ப்ரோக்ராம் மொழியில படங்களை அலசறதுக்கு சைகிட்-இமேஜ்னு ஒரு இலவச லைப்ரரி இருக்கு, 2009ல ஆரம்பிச்சது, பிஎஸ்டி லைசென்ஸ், கம்பெனி வேலைக்கும் தாராளமா யூஸ் பண்ணலாம். அதுக்குள்ள ரேடான்னு ஒரு ஃபங்ஷன். நான் ரிவ்யூ பண்றது அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும்தான், அதோட பக்கத்துல வெச்சுப் பாக்க ஓப்பன்சிவின்னு இன்னொரு லைப்ரரில கோடு தேடற ஹஃப் ஃபங்ஷனையும் கொஞ்சம் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி எங்க யூனிட்ல செக்கிங் பாக்கற அண்ணன் பண்ற முறையைச் சொல்லியாகணும், ஏன்னா நான் கேமராவுல பண்றது மொத்தமும் அவர்கிட்ட இருந்து எடுத்ததுதான். அவர் இருபது வருஷத்துக்கு மேல இதே வேலை. ஸ்லாப் மேல பைப்புல தண்ணி அடிப்பாரு, வைப்பர்ல வழிச்சு விட்டுட்டு பக்கத்துலயே நிப்பாரு. மேல இருக்கற ஈரம் காயும், கிராக்குக்குள்ள இறங்கின தண்ணி மட்டும் காயாம கொஞ்ச நேரம் கருப்பா ஒரு கோடு காட்டும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள சாக்பீஸ்ல மார்க் பண்ணிடுவாரு. சந்தேகமா இருந்தா சுத்தியல் காம்பால தட்டி சத்தம் கேப்பாரு, நல்ல கல்லு கணீர்னு அடிக்கும், கிராக் கல்லு சத்தம் செத்துப் போயி வரும். நான் மொத மொத கேமராவைத் தூக்கிட்டுப் போனப்ப அவர் சொன்ன ஒரே வார்த்தை, "தம்பி, காயும்போது பாரு, காஞ்சதுக்கப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல."

அதுக்கு முன்னாடி ஒரு வெளியூர் கம்பெனிக்காரங்க வந்து அவங்க இன்ஸ்பெக்ஷன் மெஷினை டெமோ போட்டாங்க, பேர் வேண்டாம். விலை எங்க ஓனரை யோசிக்க வெச்ச விலை. டைல்ஸ் ஃபேக்டரிக்குப் பண்ணின சாமான்னு நினைக்கறேன், ஒரே கலர் பரப்புல கோடு தேடறதுக்கு நல்லா இருக்கலாம், ஆனா எங்க பாரடைசோவை உள்ள விட்டதும் டிசைன்ல இருக்கற ஒவ்வொரு வெயினையும், அதான் கல்லுலயே இயற்கையா ஓடற கலர் கோட்டையும், கிராக்னு சிவப்புல வட்டம் போட்டுடுச்சு. அண்ணன் சாக்பீஸ்ல மார்க் பண்ணி வெச்சிருந்த நிஜ கிராக்கை விட்டுடுச்சு. செட்டிங் மாத்தித் தர்றோம்னு போனவங்க அப்புறம் போன் எடுக்கல. எனக்கு அவங்க மேல கோவத்தை விட ஒரு கேள்விதான் நின்னுச்சு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியற ரெண்டு கோட்டுல ஒண்ணு வெயின், ஒண்ணு கிராக், இதை மெஷின் எப்படிப் பிரிக்கும்?

ரேடான் ஞாபகம் வந்தது சிடி ஸ்கேன் மூலமா. அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க தருமபுரி போயிருந்தேன், வெளிய உக்காந்திருக்கும்போது காலேஜ்ல இமேஜ் ப்ராசஸிங் பேப்பர்ல படிச்சது ஓடுச்சு. எக்ஸ்ரே உடம்புக்குள்ள ஒரு நேர்கோட்டுல போகுது, வழியில என்னென்ன எவ்வளவு தடுத்ததோ அது மொத்தமும் கூட்டலா வெளிய வருது, சுத்திச் சுத்தி எல்லாக் கோணத்துலயும் அந்தக் கூட்டலை எடுத்தா அதை வெச்சு உள்ள இருக்கறதைத் திரும்ப வரைஞ்சிடலாம். யோஹான் ரேடான்னு ஆஸ்திரியா கணக்கு வாத்தியார் 1917லயே இதுக்குக் கணக்கு எழுதி வெச்சுட்டாரு, மெஷின் வந்தது ரொம்பப் பின்னாடி, 1971 அக்டோபர்ல லண்டன்ல மொத நோயாளிக்கு எடுத்தாங்க. அதுக்காக 1979ல மெஷினைப் பண்ணின ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கணக்கு போட்ட கார்மாக்குக்கும் நோபல் குடுத்தப்ப ரேடான் உயிரோட இல்ல, 1956லயே போயிட்டாரு. கார்மாக் தன் கணக்கை 1963, 64ல எழுதும்போது ரேடான் எழுதினது அவருக்குத் தெரியவே தெரியாது. இதெல்லாம் படிக்கும்போது மனசுக்கு என்னமோ பண்ணும்.

இதுல நம்ம ஊர்ப் பங்கும் இருக்கு. மெட்ராஸ் யுனிவர்சிட்டில ரொம்ப வருஷம் வேலை பாத்த ஜி.என்.ராமச்சந்திரனும், லக்ஷ்மிநாராயணனும் சேர்ந்து 1971ல ஒரு பேப்பர் போட்டாங்க, அந்தக் கூட்டல்கள்ல இருந்து படத்தைத் திரும்ப வரைய ஃபூரியர்ங்கற சுத்து வழிக் கணக்குல போகாம நேரடியா ஒரு ஃபில்டர் போட்டே பண்ணலாம்னு. உலகம் முழுக்க அதுக்கு ராம்-லாக் ஃபில்டர்னுதான் பேரு. சைகிட்-இமேஜ்ல திரும்ப வரையற ஃபங்ஷன்ல நீங்க ஒண்ணும் குடுக்கலன்னா தானா எடுத்துக்கற ராம்ப் ஃபில்டர் இந்தக் குடும்பம்தான். நான் அதை முதல்ல ஓட்டினப்ப இந்த ரெண்டு பேரும் ஞாபகத்துக்கு வந்தாங்க.

சரி, கல்லுக்கும் இதுக்கும் என்ன. பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்து மாந்தோப்பைத் தாண்டிப் போயிருப்பீங்க இல்ல, நம்ம காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கமெல்லாம் ரோட்டு ஓரமா தோப்புதானே. சாதாரணமா பாத்தா மரம் கும்பலா தெரியும், பஸ் நகரும்போது திடீர்னு ஒரு கோணத்துல வரிசை எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறைஞ்சு நடுவுல நீட்டா சந்து தொறந்து அந்தப் பக்கத்து வேலி வரைக்கும் தெரியும், அடுத்த நொடி மறுபடி கும்பலாயிடும். ரேடான் பண்றது அதேதான், படத்தைச் சுத்தி ஒவ்வொரு கோணத்துலயும் நின்னு, அந்தக் கோணத்துல போற ஒவ்வொரு நேர்கோட்டு மேலயும் இருக்கற பிக்சல் எல்லாத்தையும் கூட்டி ஒரு நம்பர் எழுதும். அந்த நம்பர்களைக் கோணம் ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம்னு வெச்சு வரைஞ்ச படத்துக்கு சைனோகிராம்னு பேரு. ஒரு புள்ளி அதுல ஒரு சைன் அலையா ஓடும், ஒரு நேர்கோட்டுல இருக்கற புள்ளிகளோட அலை எல்லாம் ஒரே இடத்துல வந்து முட்டும், அங்க ஒரு குத்து எழும்பும். படத்துல நீளமா மங்கலா இருந்த கோடு சைனோகிராம்ல சின்னதா கூர்மையா ஒரே புள்ளி ஆயிடுது.

கண்ணுக்கே தெரியாத கோட்டை இது எப்படிப் பிடிக்குதுன்னு நம்பரா சொல்றேன், எனக்கு இதுதான் இந்த முறை மேல நம்பிக்கை வர வெச்ச கணக்கு. ஈரம் நின்ன கோடு பக்கத்துல இருக்கறதை விட 0ல இருந்து 255 வரைக்கும் போற அளவுல வெறும் 2 தான் கருப்புன்னு வைங்க. கல்லுல அங்கங்க வர்ற ஏத்த இறக்கம் 10னு வைங்க. ஒரு பிக்சலைப் பாத்தா 10க்கு நடுவுல 2 எங்க தெரியும், தெரியாது. ஆனா 900 பிக்சல் நீளக் கோட்டு மேல கூட்டினா கோட்டோட பங்கு 2 பெருக்கல் 900, 1800. ஏத்த இறக்கம் அப்படி ஏறாது, ஒண்ணு கூட ஒண்ணு குறையன்னு அதுக்குள்ளயே அடிச்சுக்கும், வர்க்கமூலக் கணக்குலதான் வளரும், 10 பெருக்கல் 30, 300. ஆறு மடங்கு நிக்குது கோடு. அதே கோடு 225 பிக்சல்தான்னா 450க்கு 150, மூணு மடங்குதான். நீளம் கூடக் கூட பிடிப்பு கூடும், இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப வெயின் பிரச்சனை. அதுக்கு அண்ணன் முறைதான் விடை குடுத்துச்சு. வெயின் காஞ்ச கல்லுலயும் இருக்கும், நனைஞ்ச கல்லுலயும் இருக்கும். கிராக் காயும்போது மட்டும் தெரியும். அதனால தண்ணி அடிக்கறதுக்கு முன்னாடி காஞ்ச ஸ்லாப்பை ஒரு போட்டோ, தண்ணி அடிச்சு வழிச்சு விட்டு பத்து செகண்டுக்கு ஒண்ணா வரிசையா போட்டோ. மேல் ஈரம் போயி கல்லு பழைய கலருக்கு வர்ற சமயத்துல எடுத்த படத்துல இருந்து காஞ்ச படத்தைக் கழிச்சா வெயின், டிசைன் எல்லாம் அடிபட்டுப் போயி ஈரம் நின்ன இடம் மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்துக்குத்தான் ரேடான். மிச்சத்துல கிராக் மட்டும் இருக்காது, கல்லு கொஞ்சம் தண்ணி குடிக்கற இடத்துல திட்டுத் திட்டா ஈரம் நிக்கும். ஆனா திட்டு எந்தக் கோணத்துல இருந்து பாத்தாலும் திட்டுதான், சைனோகிராம்ல எல்லாக் கோணத்துலயும் அகலமா ஒரு பட்டையா ஓடும், கிராக் ஒரே கோணத்துல மட்டும் ஊசி மாதிரி நிக்கும். அதை வெச்சே பிரிச்சிடலாம். டெமோ மெஷின்கிட்ட நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

செட்டப் பெருசா ஒண்ணும் இல்ல. சுவத்துல இரும்பு பிராக்கெட் அடிச்சு கேமரா, படத்துல ஸ்லாப்போட 3 மீட்டருக்கு 4000 பிக்சல் வர்ற மாதிரி வெச்சேன், ஒரு பிக்சல் 0.75 மில்லி. ஹேர் கிராக் அதை விட எத்தனையோ மடங்கு சன்னம், ஆனா ஈரம் ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஊறி அகலமாகறதால தெரியுது. மொதல்ல ஸ்டாண்டுல வெச்சிருந்தேன், ட்ராலி போற அதிர்ச்சிக்கே ஸ்டாண்ட் ஆடி ரெண்டு படமும் ஒரு பிக்சல் தள்ளிப் போச்சு, கழிச்சா டிசைன் மொத்தமும் திரும்ப எழும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் பிராக்கெட்.

அதை விட ரெண்டு தலைவலி. நனைஞ்ச கல்லு கண்ணாடி மாதிரி, மேல ஷெட்டோட ஆங்கிள், ஷீட்டு விளிம்பு எல்லாம் அதுல அப்படியே பிரதிபலிக்கும், எல்லாமே அச்சு அசல் நேர்கோடு, ரேடானுக்கு அதை விட சந்தோஷம் வேற இல்ல, மொத வாரம் பூரா எங்க கூரையைத்தான் கிராக்னு காட்டிக்கிட்டு இருந்துச்சு. மேல கருப்பு தார்ப்பாய் கட்டி லைட்டை ரெண்டு பக்கமும் சாய்ச்சு வெச்சதும் சரியாச்சு. அடுத்தது, படத்துல படுக்கை வாட்டமா பட்டை பட்டையா மங்கல் கோடு. கரண்டு 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவை துடிக்குது, கேமரா ஒவ்வொரு வரியா படிக்கறதால அந்தத் துடிப்பு பட்டையா பதியுது. ஷட்டரை 1/50 செகண்டுல நிறுத்தினதும் போயிடுச்சு. கேமரா முறை எதுவா இருந்தாலும் இந்த ரெண்டையும் முதல்ல பாருங்க, சாஃப்ட்வேரைத் திட்டறதுக்கு முன்னாடி.

ஃபங்ஷன் பத்தி. கூப்பிடறது ஒரே வரி, படத்தைக் குடு, கோணங்களைக் குடு, சைனோகிராம் வந்துடும். டாக்குமென்ட் இங்கிலீஷ்லதான் ஆனா நல்லா எழுதியிருக்காங்க, உதாரணம் ஓட்டிப் பாத்தாலே புரியும். ஆனா அந்த உதாரணம் சிடி ஸ்கேனை மனசுல வெச்சு எழுதினது, நம்ம மாதிரி கோடு தேடறவங்களுக்கு மூணு இடத்துல கால் இடறும்.

ஒண்ணு, சர்க்கிள்னு ஒரு செட்டிங், தானா ட்ரூல இருக்கும். அதாவது படத்துக்குள்ள பொருந்தற வட்டத்துக்கு வெளிய ஒண்ணுமே இல்ல, எல்லாம் சைபர்னு நினைச்சுக்கும். சிடி ஸ்கேனுக்கு அது நியாயம், உடம்பு நடுவுலதான் இருக்கும். சதுரப் படத்துல வட்டத்துக்கு வெளிய விழற நாலு மூலை மொத்தப் பரப்புல 21 சதவீதத்துக்கு மேல. எங்க ஸ்லாப்புல கிராக் அதிகம் வர்றதே மூலையிலதான். வார்னிங் ஒண்ணு குடுக்கும், அதைப் படிக்காம விட்டதால ஒரு மூலைக் கிராக் என்கிட்ட தப்பிச்சுது. ஃபால்ஸ்னு போட்டுடுங்க, மொத வேலையா.

ரெண்டாவது, கோணம். ஒண்ணும் குடுக்கலன்னா 0ல இருந்து 179 வரைக்கும் ஒவ்வொரு டிகிரியா எடுக்கும். படம் 256 பிக்சல்னா உங்க கோடு ரெண்டு கோணத்துக்கு நடுவுல விழுந்தா அரை டிகிரி தப்பு, கோட்டோட நுனியில ஒரு பிக்சலுக்கு மேல விலகிடும், ஒரு பிக்சல் அகலக் கோட்டுக்கு அதுவே ஜாஸ்தி. படம் 3000 பிக்சல்னா நுனியில 13 பிக்சல் விலகும், குத்து மொத்தமா மழுங்கிடும். நான் 256க்கு அரை டிகிரி படி வெச்சு 360 கோணம் எடுக்கறேன்.

மூணாவதுதான் முக்கியம், இதை யாரும் எழுதி நான் பாக்கல, நானா அலைஞ்சு கண்டுபிடிச்சது. கூட்டல்னா நீளமான கோட்டுக்கு பெரிய நம்பர், மூலையை வெட்டிப் போற குட்டைக் கோட்டுக்கு சின்ன நம்பர், அப்படியே விட்டா மூலைவிட்டத்துல போற கோடு எல்லாம் தானா ஜெயிக்கும். அதனால எல்லா பிக்சலும் 1ன்னு ஒரு வெள்ளைப் படத்தை இதே ஃபங்ஷன்ல விட்டா ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை பிக்சல் நீளம்னு கிடைச்சிடும், உங்க சைனோகிராமை அதோட வர்க்கமூலத்தால வகுத்துடுங்க. அப்புறம் குட்டை நெட்டை எல்லாத்தையும் ஒரே தராசுல எடை போடலாம். ரொம்பக் குட்டையா, 40 பிக்சலுக்குக் கம்மியா இருக்கறதை நான் தூக்கிப் போட்டுடறேன்.

ஏத்த இறக்கத்தை விட எவ்வளவு மடங்கு நின்னா கிராக்னு சொல்றது? மூணு மடங்கு போதும்னு மொதல்ல வெச்சேன், எங்க பாத்தாலும் கிராக். ஏன்னா 360 கோணம், கோணத்துக்கு 256 கோடுன்னே வெச்சுக்கிட்டாலும் ஒரு துண்டுக்கு 92,160 கோட்டைச் சோதிக்கறோம், அத்தனை கோட்டுல சும்மா அதிர்ஷ்டத்துலயே நூத்துக்கு மேல மூணு மடங்கைத் தாண்டும். அஞ்சு மடங்குன்னு வெச்சதும் அமைதியாயிடுச்சு.

துண்டுன்னு சொன்னேன் இல்ல, ஸ்லாப்பை முழுசா ஒரே படமா விடக்கூடாது. எங்க பழைய டெஸ்க்டாப்புல முழுப் படம் பத்து நிமிஷம் கிட்ட ஓடும், ஒவ்வொரு கோணத்துக்கும் படத்தையே சுத்தித் திருப்பித்தான் கூட்டுது அந்த ஃபங்ஷன், அதான் மெதுவு. அதை விட, 20 சென்டி நீளக் கிராக்கை 3 மீட்டர் கோட்டுல கூட்டினா மீதி 2.8 மீட்டர் ஏத்த இறக்கத்துல அது முங்கிடும். அதனால 256 பிக்சல் துண்டா, பாதிக்குப் பாதி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கற மாதிரி வெட்டறேன், ஒரு துண்டு கல்லுல 19 சென்டி. ஆனா முன்னாடி சொன்ன கணக்குப்படி துண்டு சின்னதானா ரொம்ப மங்கலான நீளக் கிராக் தப்பிச்சிடும், அதனால 1000 பிக்சல் துண்டுலயும் ஒரு தடவை ஓட்டறேன். ரெண்டுல எதுல நின்னாலும் அண்ணன்கிட்ட காட்டுவேன்.

எங்க இருக்குன்னு காட்டறதுக்கு, குத்து நின்ன இடம் தவிர சைனோகிராம்ல மத்த எல்லாத்தையும் சைபராக்கிட்டு திரும்ப வரைஞ்சா கோடு ஸ்லாப் படத்து மேல வந்து உக்காந்துடும், மூலைக்கும் சேர்த்து வர அங்கயும் சர்க்கிளை ஃபால்ஸ்னு போடணும். மொத தடவை அந்த மஞ்சக் கோடு ஸ்கிரீன்ல வந்தப்ப நான் ஸ்லாப்பு கிட்ட போயி விரலால தடவிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல, கண்ணுக்கும் தெரியல. அண்ணன் வந்து பாத்தாரு, "இங்கயா?"ன்னு கேட்டுட்டு அந்த இடத்துல தட்டினாரு, ஒரு அடி தள்ளித் தட்டினாரு, மறுபடி இங்க தட்டினாரு. அப்புறம் ஒண்ணுமே பேசாம பாக்கெட்டுல இருந்து சாக்பீஸை எடுத்து ஸ்கிரீன்ல இருந்த கோட்டை அப்படியே கல்லுல போட்டாரு.

ஓப்பன்சிவி ஹஃப் பத்தியும் கேப்பீங்க. பால் ஹஃப், 1962ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினது, அணுத்துகள் ஓடின தடத்தை போட்டோவுல மெஷினே கண்டுபிடிக்கறதுக்காக. இப்ப எல்லாரும் யூஸ் பண்ற கோணம்-தூரம் வடிவம் 1972ல டூடாவும் ஹார்ட்டும் குடுத்தது. ஐடியா ரேடான் மாதிரியேதான், ஒரே வித்தியாசம் அது பிக்சல் மதிப்பைக் கூட்டாது, ஓட்டு எண்ணும். முதல்ல கேனின்னு விளிம்பு தேடற முறை மாதிரி ஏதாவது போட்டு விளிம்பு எது விளிம்பு இல்லன்னு கருப்பு வெள்ளையா முடிவு பண்ணணும், அப்புறம் விளிம்புப் புள்ளி ஒவ்வொண்ணும் தன் வழியா போற எல்லாக் கோட்டுக்கும் ஓட்டு போடும். கிரானைட்டுல பிரச்சனை அங்கதான். 10க்கு நடுவுல 2 வித்தியாசம் இருக்கற கோட்டை ஒவ்வொரு பிக்சலா பாத்து விளிம்பா இல்லயான்னு முடிவு பண்ணச் சொன்னா அது முதல் படியிலயே செத்துடும், அதுக்கப்புறம் எவ்வளவு நல்லா ஓட்டு எண்ணினாலும் வராது. ரேடான் முடிவைக் கடைசியில பண்ணுது, முதல்ல கூட்டிடுது.

ஆனா ஹஃப்பைக் குறையாச் சொல்ல மாட்டேன். ஸ்லாப்போட நாலு விளிம்பையும் பிடிச்சு படத்தை நேராக்கறதுக்கு நான் ஓப்பன்சிவியோட ஹஃப்தான் யூஸ் பண்றேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடும், ப்ராபபிலிஸ்டிக்னு இருக்கற வகை கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னும் சொல்லிடும். ரேடான் அதைச் சொல்லாது, கோணமும் தூரமும் மட்டும்தான் தரும், கோட்டுல கிராக் எந்தப் பகுதியில இருக்குன்னு நீங்களாத்தான் தேடணும். பளிச்சுனு தெரியற கோடுன்னா ஹஃப், ஏத்த இறக்கத்துல முங்கின கோடுன்னா ரேடான். கடல்ல கப்பல் போன தடத்தை சேட்டிலைட் ரேடார் படத்துல தேடறவங்களும் 80கள்ல இருந்தே ரேடானைத்தான் கையில எடுத்தாங்க, அதுவும் இதே மாதிரி புள்ளி புள்ளியா இரைச்சல் நிறைஞ்ச படம்தான்.

முடியாதது என்னன்னும் சொல்லிடணும். வளைஞ்சு போற கிராக் வராது, துண்டு சின்னதா இருந்தா கொஞ்சம் கொஞ்சம் நேரா தெரியற பகுதி மட்டும் மாட்டும், மரக்கிளை மாதிரி பிரியறது பாதி வரும் பாதி போகும். ரெசின் போட்ட ஸ்லாப்புல சுத்தமா வேலைக்கு ஆகாது, எபாக்ஸி கிராக்குக்குள்ள போயி அடைச்சுட்டா தண்ணி எங்க இறங்கும், அதனால இந்த செக்கிங்கை ரெசினுக்கு முன்னாடியே முடிச்சிடணும். மழைக் காலத்துல கல்லு காய ரொம்ப நேரமாகும், பத்து செகண்டு கணக்கெல்லாம் மாறிடும், ஃபேன் வெச்சு ஓட்டறோம். ஐப்பசி கார்த்திகையில ஒரு ஸ்லாப்புக்கு ரெண்டு ஸ்லாப் நேரம் ஆச்சு. அண்ணனோட காதுக்கு மாத்தா இதை வெக்க முடியாது, நான் வெக்கவும் இல்ல. அவர் ஒரு நாள் லீவு போட்டாலும் லைன் நிக்காம ஓடுது, அவர் இருக்கும்போது ராத்திரி ஷிஃப்ட்டுல கண்ணு அசந்து தப்பிக்கறதை இது எடுத்துக் குடுக்குது, அதுக்குத்தான் இது.

ஸ்டார் கேட்டா 5க்கு 4 குடுப்பேன். ஒரு ஸ்டார் குறைச்சது வேகத்துக்கும், அந்த சர்க்கிள் செட்டிங் தானா ட்ரூல இருக்கறதுக்கும். மத்தபடி காசே வாங்காம யாரோ எங்கயோ உக்காந்து எழுதி, சோதிச்சு, நல்லா விளக்கி வெச்சிருக்காங்க, அவங்களுக்கு நன்றி. பக்கத்துல பர்கூர் கவர்ன்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ்லயோ வேற எங்கயோ படிக்கற பசங்க ப்ராஜெக்ட்டுக்கு என்ன பண்றதுன்னு கேட்டா இதைச் சொல்லுவேன், தக்காளி பழுத்ததா காயான்னு இன்னொரு தடவை பண்றதுக்கு பதிலா ஒரு பாலிஷ் யூனிட்டுக்கு வந்து ஒரு நாள் நில்லுங்க, சைனோகிராம் என்னன்னு கல்லே சொல்லிக் குடுக்கும்.

கருப்பு கிரானைட்டுக்கு வருமான்னு ஒருத்தர் ஏற்கனவே கேட்டிருந்தார். நான் ரெண்டே ஸ்லாப்தான் பாத்தேன், காஞ்ச படமே ரொம்ப இருட்டா இருக்கறதால கழிச்சா மிஞ்சறது கம்மியா இருக்கு, லைட்டை இன்னும் தாழ்த்தி வெச்சு எக்ஸ்போஷரை 1/25க்கு ஏத்திப் பாக்கப் போறேன். அடுத்த லோடு பிளாக் வருது, கட்டிங் முடிஞ்சு ரெசினுக்குப் போறதுக்கு முன்னாடி நாலு ஸ்லாப்பைத் தனியா எடுத்து வெக்கச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.